தங்கையின் பள்ளியில் ஒரு வாரம்



விடுமுறை கிடைத்தால் ஆசிரியர் எங்கே போவார்? இன்னொரு பள்ளிக்குத்தான் போவார் என்று என் கணவர் அடிக்கடி கேலி செய்வார். 2019-ஆம் ஆண்டு மார்ச் மாத விடுமுறையில் அந்தக் கேலி அப்படியே பலித்துவிட்டது. ஒரு வாரம் முழுவதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கிறித்துவ அனைத்துலகப் பள்ளியில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை இருந்தேன். என் தங்கை அங்கே ஆசிரியை. பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

நடந்தது இதுதான். விடுமுறை தொடங்குவதற்கு நான்கு நாள்களுக்கு முன் தங்கை வீட்டுப் படியில் இடறி விழுந்து கணுக்கால் எலும்பில் வெடிப்பு ஏற்பட்டது. மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு வாரத்துக்கு எம்.சி. எழுதித் தந்திருக்கிறார் மருத்துவர். ஆனால் அந்த வாரத்தில்தான் அவளுடைய பள்ளிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. வியாழக்கிழமை, பிள்ளைகள் தாமே பெற்றோரை உட்கார வைத்துத் தம் படிப்பை விளக்கும் சந்திப்பு. வெள்ளிக்கிழமை பண்பாட்டு நாள். அவள் கணவரோ பணி நிமித்தம் பிந்துலுவில் இருந்தார்.

“அக்கா, ஒரு வாரம் வந்து இருக்க முடியுமா?” என்று தொலைபேசியில் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவள் எவ்வளவு தயங்கியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குள் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு குறைந்திருந்தது. 2017-இல் அவள் தன் மகனைத் தான் பணியாற்றும் பள்ளியிலேயே முதலாம் வகுப்பில் சேர்த்தாள். நானோ ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்ற அட்டையை ஏந்தி வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டியவள். சொந்தத் தங்கை வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லையே என்ற ஆற்றாமையில் சில சொற்களைச் சொன்னேன். “உன் மகன் தமிழனாக வளர மாட்டான்” என்பது அவற்றுள் ஒன்று. சொன்ன பிறகு திரும்பப் பெற முடியாத சொல்.

கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடும். ஆகவே சனிக்கிழமை புறப்பட்டு அடுத்த சனிக்கிழமை திரும்பிவிடுவது என்று முடிவு செய்து சுங்கைப் பட்டாணியில் இ.டி.எஸ். இரயிலில் ஏறினேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியெல்லாம் திருத்த வேண்டிய கட்டுரைகள் மடியில் இருந்தன. ஆறு கட்டுரைகளைக்கூடத் திருத்தவில்லை.

அன்றிரவு எட்டு மணிக்குத் தங்கையின் மாமியார் கூடத்து விளக்கின் கீழ் வந்து அமர்ந்தார். அவருக்கு அப்போது 78 வயது. நான் அத்தை என்றுதான் அழைப்பேன். மடியில் கறுப்பு அட்டை போட்ட பெரிய தமிழ் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சங்கீதத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எட்டு வயதுப் பேரன் காலடியில் அமர்ந்து ஒவ்வோர் அடியையும் திருப்பிச் சொன்னான். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் உச்சரித்த ழகரம் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் பாதிப் பேருக்கு வராத ழகரம். அதை அப்போதே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ‘வாசிக்கத் தெரியாதே, கிளிப்பிள்ளைபோலத்தானே சொல்கிறான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாம்பாரைக் கிண்டப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டியிருந்தது. தங்கையின் மைவியை நான்தான் ஓட்டினேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு பறக்க, தங்கை ஊன்றுகோலைத் தழுவியபடி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு வந்தாள். அது காலை நேர வழக்கமா, என் ஓட்டுதலுக்கான சிறப்பு வேண்டுதலா என்று கேட்கவில்லை.

வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். உதவிக்கு வந்தவராயினும் நான்கு பக்கப் பிள்ளைப் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையொப்பமிட்ட பின்னரே உள்ளே போகலாம். எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. கைத்தொலைபேசியில் பிள்ளைகளைப் படமெடுக்கக் கூடாது. பெரியவர்களின் கழிப்பறை வேறு, பிள்ளைகளின் கழிப்பறை வேறு. கழுத்தில் சிவப்புக் கயிற்றுடன் ஓர் அடையாள அட்டை. நம் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்தவர் என்றால் யார் எவ்வகுப்புக்குள்ளும் நுழைந்து எப்படத்தையும் எடுத்து முகநூலில் ஏற்றிவிடலாம். இதை எழுதினால் என் பள்ளியிலேயே சிலர் வருந்துவார்கள். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஏழரை மணிக்கு ஆசிரியர்கள் அனைவரும் ஓர் அறையில் கூடிப் பத்து நிமிடம் வேண்டினார்கள். மதிப்பீட்டுக் குழுவுக்காக, காய்ச்சலில் இருக்கும் ஒரு பிள்ளைக்காக, வேலை இழந்த ஒரு தந்தைக்காக, என் தங்கையின் காலுக்காக. நான் நெற்றியில் திருநீற்றோடு பின்வரிசையில் நின்றேன். ஒருவரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான்தான் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். நம் பள்ளிச் சபைக்கூடலில் தேவாரம் பாடும்போது ஓரமாக நிற்கும் இரண்டு கிறித்துவப் பிள்ளைகளின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது. அவர்கள் எதை நினைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

தரமதிப்பீடு என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இத்தகைய பள்ளிகள் பல, அனைத்துலகக் கிறித்துவப் பள்ளிகள் சங்கத்திடமும் மேற்கத்தியப் பள்ளிகள், கல்லூரிகள் சங்கத்திடமும் தரச்சான்று பெறுகின்றன. அதற்கு முதலில் பள்ளி தன்னைத் தானே ஆராய்ந்து நீண்ட அறிக்கை எழுத வேண்டும். பின்னர் வேறு நாட்டுப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் குழுவாக வந்து, அறிக்கையில் இருப்பது வகுப்பறையிலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு நசீர் வருவதைப் போலத்தான். ஆனால் வருபவர் அதிகாரி அல்லர், இன்னொரு பள்ளியில் நாளை காலை பாடம் நடத்தப் போகிற ஆசிரியர். இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருந்தது.

மற்றபடி பதற்றம் ஒன்றே. ஞாயிறு இரவு பதினொரு மணி வரை தங்கைக்கு லேமினேட் செய்த அட்டைகளை வெட்டித் தந்தவள் நான். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் உலகெங்கும் ஆசிரியர்கள் முதலில் சுவரில்தான் கை வைக்கிறார்கள் போலும்!

செவ்வாய்க்கிழமை சிற்றுண்டிச்சாலையில் குழு உறுப்பினர் ஒருவர் என் அருகில் அமர்ந்தார். அமெரிக்கர், வயதானவர். தமிழ்ப்பள்ளி என்றால் சமயப் பள்ளியா என்று கேட்டார். இல்லை ஐயா, அரசின் தேசியக் கலைத்திட்டத்தையே ஆறு ஆண்டுகள் தமிழில் படிப்பிக்கும் தொடக்கப்பள்ளி என்று விளக்கினேன். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றேன். எப்போது தொடங்கின என்று அடுத்த கேள்வி. அங்கேதான் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் கொள்வது 1816-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் பினாங்கு ஃப்ரீ பள்ளியை நிறுவியவர் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார். அப்பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பை வைத்துத்தான் 2016-இல் இருநூறாண்டு விழா எடுத்தோம். இன்றும் கான்வெண்ட், மெதடிஸ்ட் என்ற பெயர்களோடு தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் தங்கையோடு சண்டையிட்ட அன்று, கிறித்துவப் பள்ளியும் தமிழும் எதிரெதிர்க் கரைகள் என்பதுபோலப் பேசினேன்.

அன்று பிற்பகல், மொழிப்பாடங்களுக்குப் பொறுப்பான ஆசிரியையிடம் ஒன்று கேட்டேன். இங்கே மலாய், மாண்டரின், ஸ்பானியம் கற்பிக்கிறீர்கள். தங்கையின் கணக்குப்படி பதினொரு தமிழ்ப்பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ் ஏன் இல்லை? அவர் மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கொரிய பெற்றோர்கள் தாமே கேட்டு, தாமே ஆசிரியரை ஏற்பாடு செய்து சனிக்கிழமைகளில் கொரிய வகுப்பு நடத்துகிறார்கள், அதற்குப் பள்ளி அறை தருகிறது என்றார்.

“தமிழுக்கு இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.”

2012-இல் அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகளுக்கு இருந்த நாற்பது விழுக்காட்டு வரம்பை அரசு நீக்கியது. அதன் பிறகு நம் பிள்ளைகளும் இப்பள்ளிகளில் கூடுதலாகவே சேர்கிறார்கள். கட்டணத்தைக் கேட்கிறோம், நீச்சல் குளத்தைக் கேட்கிறோம், பேருந்து எந்தத் தாமான் வரை வரும் என்று கேட்கிறோம். இதை ஒருவரும் கேட்கவில்லை. என் தங்கையும் கேட்கவில்லை. அவளைக் கேட்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் சேர்க்காதே என்பது மட்டும்தான்.

புதன்கிழமை வாராந்தர வழிபாடு. பெரிய மண்டபம், மாணவர்களே கித்தார் வாசித்துப் பாடினார்கள். பாட்டை விட அதன் பின் பேசிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவிதான் என் மனத்தில் நின்றாள். நான்கு நாடுகளில் ஐந்து பள்ளிகளில் படித்தவளாம். ‘உன் ஊர் எது?’ என்று யாராவது கேட்டால் இன்னும் விடை தெரியவில்லை என்றாள். இத்தகைய பிள்ளைகளுக்கு ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று 1950-களில் பெயரிட்டவர் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்கு அது தோன்றியது. பெற்றோரின் நாடு ஒன்று, வாழும் நாடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் தாமே கட்டிக்கொள்ளும் உலகம் ஒன்று.

பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பினாங்கில் உள்ள டலாட் அனைத்துலகப் பள்ளி 1929-இல் வியட்நாமின் டலாட் நகரில், சமய ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. போர் முற்றியபோது 1965-இல் அங்கிருந்து பாங்காக்குக்குப் பெயர்ந்து, பின் கேமரன் மலைக்கு வந்து, 1971-இல் பினாங்கில் நிலைகொண்டது. ஊர் மாறியும் பெயர் மாறவில்லை. சீனாவில் 1881-இல் தொடங்கிய சீஃபூ பள்ளியின் ஒரு கிளையும் கேமரன் மலையில் 2001 வரை நடந்தது.

இதையெல்லாம் தங்கை சொல்லக் கேட்டபோது எனக்கு எங்கள் தோட்டப் பள்ளிதான் கண்முன் வந்தது. பால்மரங்களுக்கு நடுவே பலகைக் கட்டடம். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் கிணறு. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பள்ளி எட்டு மைலுக்கு அப்பால் ஒரு தாமானுக்குப் பெயர்ந்தது. இன்றும் பழைய தோட்டத்தின் பெயரோடுதான் நடக்கிறது. அத்தோட்டத்தைக் கண்ணால் கண்ட பிள்ளை ஒன்றுகூட அதில் இப்போது படிக்கவில்லை.

வழிபாடு முடிந்ததும் தங்கையின் வகுப்பில் ஒரு கொரியச் சிறுமிக்கு விடைதரும் நிகழ்ச்சி. தந்தைக்கு மாற்றல், வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தாளில் ஒரு வரி எழுதித் தைத்துப் புத்தகமாக்கித் தந்தார்கள். இதற்கென்று ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுப் போ, யாருக்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுப் போ என்று அந்தச் சின்னஞ்சிறு பெண்ணுக்குத் தங்கை சொல்லிக்கொடுத்தாள். ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து, அவளுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். என் தங்கை நல்ல ஆசிரியை. அதை நான் முன்பு பார்த்ததில்லை.

அன்றிரவு, அத்தையும் பையனும் உறங்கிய பிறகு, நாங்கள் பேசினோம். அருகிலிருந்த தமிழ்ப்பள்ளிக்கு எதிர்த்திசையில் பதினான்கு கிலோமீட்டர். ஆறரை மணிக்குப் பள்ளிக்குப் புறப்படும் தாய், பிள்ளையை யாரிடம் அனுப்புவது? மதியம் ஒன்றரைக்கு யார் அழைத்து வருவது? கண் சரியாகத் தெரியாத மாமியாரா? இங்கே சேர்த்தால் ஊழியர் சலுகையில் பாதிக்கும் குறைவான கட்டணம், ஒரே காரில் போய் ஒரே காரில் வரலாம். “நீங்கள் ஒரு முறையாவது ‘எப்படிச் சமாளிக்கிறாய்?’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் அக்கா” என்றாள்.

பிறகு, குரலை உயர்த்தாமல், “தமிழ்ப்பள்ளியில் படித்த உங்கள் மகள் உங்களுக்கு எந்த மொழியில் செய்தி அனுப்புகிறாள்?” என்று கேட்டாள்.

என் மகள் அப்போது ஜொகூரில் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். ஆங்கிலத்தில்தான் அனுப்புவாள். நான் பதில் சொல்லவில்லை. யூ.பி.எஸ்.ஆர். ஆண்டில் நான் நடத்தும் தமிழ்ப்பாடத்தை நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் தொடங்கி செப்டம்பர் வரை பயிற்றி, பயிற்றி, மீண்டும் பயிற்றி. 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2019-இல் அதுதான் எங்கள் உலகம். எழுத்து தெரிந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் அனுப்பிவைத்தேன். அவர்களுள் எத்தனை பேர் அதன் பின் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமைதான் இவ்வளவையும் எழுத வைத்த நாள்.

அந்தச் சந்திப்பில் ஆசிரியர் பேச மாட்டார். பிள்ளை தன் கோப்பை விரித்து, இதில் நன்றாகச் செய்தேன், இதில் தவறினேன், அடுத்து இதைக் கற்கப் போகிறேன் என்று பெற்றோருக்கு விளக்க வேண்டும். இருபது நிமிடம். தங்கைக்கோ தன் வகுப்புப் பிள்ளைகளின் சந்திப்புகள் அதே நேரத்தில். தன் மகன் எதிரே அவளால் அமர முடியாது. இது புதிதா நமக்கு? என் மகளின் தரவறிக்கை நாளில் நானும் பிறர் பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் எதிரே அமர்ந்திருந்தேன், ஆறு ஆண்டுகளும். ஆகவே தாய்க்குப் பதில் பெரியம்மா போனேன்.

சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கணிதத்தைக் காட்டினான், நன்று. அறிவியலில் அவரை விதை முளைத்த கதை. எழுத்துப்பிழைகளைச் சிவப்பில் தானே வட்டமிட்டிருந்தான். கடைசியாக ஒரு தாள், ஜூன் மாதத்துக்குள் அடைய வேண்டிய மூன்று இலக்குகள். முதல் இரண்டும் பெருக்கல் வாய்பாடும் பொறுமையும். மூன்றாவது வீட்டுக்கானது. ஆங்கிலத்தில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். பாட்டியின் புத்தகத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

“ஏன்டா, பாட்டிதானே உனக்கு வாசிக்கிறார்?” என்று கேட்டேன்.

அவன் ஆசிரியை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“பாட்டி வாசிக்கவில்லை, பெரியம்மா. பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. ஒருநாள் புத்தகம் தலைகீழாக இருந்தது. நான் சொல்லவில்லை.”

எனக்கு உடனே ஒன்றும் பேச வரவில்லை. நான்கு இரவுகள் அதே வாசலில் நின்று பார்த்தவள் நான். வாசிப்புக் கற்பிப்பதே என் தொழில். பக்கம் புரளாததை நான் கவனிக்கவில்லை.

“அம்மாவிடம் சொன்னாயா?”

“அம்மா இந்த வாரம் ரொம்ப பிஸி.” பிறகு சொன்னான், “பாட்டி சில இடங்களில் மறந்துபோகிறார். முழுவதும் மறப்பதற்குள் நான் கற்றுக்கொள்ள வேண்டும்.”

இருபது நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்த குடும்பம் வாசலில் நின்றது. படிவத்தில் பெற்றோர் கருத்து என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் தேதியை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அன்றிரவு அத்தையிடம் மெல்லக் கேட்டேன். மறுக்கவில்லை. ஓராண்டாகவே எழுத்தெல்லாம் புகை மூடியதுபோல இருக்கிறதாம். சொன்னால் மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, செலவு, மருமகளுக்கு வேலைக்கு நடுவில் இன்னொரு வேலை. “இந்தக் குழந்தைக்குத் தெரியாதென்று நினைத்தேனே” என்று மட்டும் சொன்னார். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பையனை உட்கார வைத்து அ, ஆ தொடங்கினேன். பாடநூல் கையில் இல்லை. அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தையே எடுத்தேன். நம் மக்கள் பெரும்பாலும் ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்று சொல்வது, பவர் ஐயர் தலைமையில் 1871-இல் முடிந்த மொழிபெயர்ப்பு. அதற்கும் முன்பே, 1715-இல், தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். வடசொல் மிகுந்த நடை. ‘ஸ்’ஸும் ‘ஜ’வும் ‘ஷ’வும் பக்கத்துக்குப் பக்கம். பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கட்டுரைகளில் கிரந்த எழுத்துகளைச் சிவப்பு மையால் அடித்தவள், அன்று ககரத்துக்குப் பின் இரண்டாம் மெய்யாக ஜகரத்தைக் கற்பித்தேன். என்ன செய்வது, 23-ஆம் சங்கீதத்தில் அது தேவைப்பட்டது. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்க.

ஒரு வியப்பையும் சொல்ல வேண்டும். அவனுக்குச் சொற்கள் முன்பே தெரியும், வடிவம்தான் தெரியாது. முதல் இரண்டு எழுத்தைக் கூட்டியதும் மீதிச் சொல்லை ஓடிப் பிடித்துவிடுவான். என் வகுப்பிலோ பலருக்கு வடிவம் தெரியும், கூட்டி முடித்த பின்னும் சொல் என்னவென்று தெரியாது.

வெள்ளிக்கிழமை பண்பாட்டு நாள். இந்திய மேசையில் கோலம் போட்டேன், மசால் வடை முதல் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. அதன் பின் விளையாட்டாக ஒரு பிள்ளையின் பெயரைத் தமிழில் அட்டையில் எழுதித் தந்தேன். பத்து நிமிடத்தில் நீண்ட வரிசை! அறுபது பெயர்களுக்கு மேல் எழுதியிருப்பேன். பக்கத்தில் நின்று அட்டைகளை எடுத்துத் தந்த தங்கை மகன் ஒவ்வோர் எழுத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோஷுவா என்று ஒருவன் வந்தான். புதிதாகப் பெற்ற துணிவில் ஜகரமும் ஷகரமும் போட்டு எழுதினேன்.

“பெரியம்மா, பாட்டியின் புத்தகத்தில் அவர் யோசுவா” என்றான் இவன்.

அட்டையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கிரந்தமே இல்லாத நல்ல தமிழ்!

மதிப்பீட்டுக் குழு தன் கருத்துகளைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டது. மொத்தத்தில் நல்ல செய்தி என்றுதான் தங்கை சொன்னாள். கொரியச் சிறுமியும் தைத்த புத்தகத்தை மார்பில் அணைத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாவற்றையும் ‘அற்புதம், அற்புதம்’ என்று புகழும் வழக்கம் மட்டும் அந்த ஒரு வாரத்தில் எனக்குச் சற்றுச் சலித்துப்போனது. தவறு என்று ஒன்று இருந்தால் அதைத் தவறு என்று சொல்வதில் குற்றமில்லை என்பது என் கட்சி. தங்கையிடமும் சொன்னேன். சிரித்தாள்.

சனிக்கிழமை இரயிலில் மீதிக் கட்டுரைகளைத் திருத்தினேன்.

தங்கை அடுத்த மாதமே மாமியாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இடக்கண்ணில் கண்புரை, அறுவைச் சிகிச்சையில் ஓரளவு தெளிந்தது. வலக்கண்ணில் கண்ணழுத்த நோய் முற்றிவிட்டது, அதை மீட்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்ஆப் காணொளியில் பையனுக்கும் எனக்கும் பாடம் நடந்தது. பள்ளியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அறை கேட்டுத் தங்கை ஒரு கடிதம் எழுதினாள். மற்றப் பெற்றோரில் நால்வர் கையொப்பமிட்டார்கள்.

ஜூன் மாத இலக்கு தவறிப்போனது. ஜூனில் அவன் இன்னும் உயிர்மெய்யில்தான் இருந்தான். டிசம்பர் விடுமுறையில் நான் மீண்டும் போனபோது கூடத்து விளக்கின் கீழ் இடம் மாறியிருந்தது. அவன் நாற்காலியில், அத்தை பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தான். ஓர் அடிக்கு ஒரு நிமிடம் ஆனது. லகரத்தை ளகரமாக்கிய இடத்தில் அத்தை கண்ணைத் திறக்காமலே, “இல்லடா கண்ணு, திரும்ப வாசி” என்றார்.

திரும்ப வாசித்தான்.